ஆறு கதவு, ஒரு குழாய்

தாராபுரத்தில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்கள் வாடகையை விசாரிக்கும் முன்பே தண்ணீரை விசாரித்துவிடுவார்கள். நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருதரம் வரும், உப்புத் தண்ணிக்கு போர் இருக்கிறதா, மோட்டார் எந்நேரம் போடுவார்கள், குளியலறை தனியா பொதுவா. அட்வான்ஸ் பேச்செல்லாம் பிறகுதான். பல இடங்களில் அந்த வீடு முன்பக்கத்து வீட்டுக்காரரின் கொல்லையில் நிற்கும். ஒட்டிய சுவரோடு ஐந்தாறு அறைகள், மேலே சிமெண்ட் சீட், கோடியில் இரண்டு கழிப்பறை, வாசலில் பொதுவாக ஒரு சம்ப். கொங்குப் பகுதி முழுக்க இதற்கு லைன் வீடு என்று பெயர்.

ஒரு மனையில் ஏற்கெனவே உள்ள வீட்டோடு இன்னொரு சிறு வீட்டைச் சேர்த்துக் கட்டுவதை மேலைநாட்டு நகரத் திட்ட வல்லுநர்கள் 'துணைக் குடியிருப்பு' என்று வகைப்படுத்தி, கடந்த பதினைந்து இருபது ஆண்டுகளாக அதற்கெனச் சட்டம் இயற்றி வருகிறார்கள். அங்கே அது வீட்டுப் பஞ்சத்துக்குக் கண்டெடுத்த புது மருந்து. இங்கே யாரும் கண்டுபிடிக்கவில்லை. பின்கட்டில் ஒரு அறை, மாடியில் ஒரு போர்ஷன், மாட்டுக் கொட்டகை இருந்த இடத்தில் நாலு கதவு என்று தேவை தானாகவே கட்டிக்கொண்டது. ஆனால் அமெரிக்க நகரங்களைக் குடையும் கேள்வி இங்கும் அதேதான்: ஒரு வீடு இருந்த இடத்தில் ஏழு வீடு வந்துவிட்டால், கூடுதலாக வேண்டிய தண்ணீருக்கும் சாக்கடைக்கும் குப்பை வண்டிக்கும் பணம் யார் கொடுப்பது?

தாராபுரம் பெரிய ஊரல்ல. 2011 கணக்கெடுப்பில் நகராட்சியின் மக்கள்தொகை 56,007. கோவை மாவட்டத்தில் இருந்து, ஈரோட்டுக்குப் போய், 2009இல் திருப்பூர் மாவட்டம் பிறந்தபோது அதில் வந்து சேர்ந்த ஊர். பனியன் தொழிலின் மையமான திருப்பூரிலிருந்து ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் தள்ளி, அமராவதிக் கரையில், மழை மறைவுப் பகுதியில் இருக்கிறது. ஆனாலும் விடிகாலையில் ஊருக்குள் நுழையும் கம்பெனி வேன்களும், சுற்றுவட்டாரத்து நூற்பாலைகளின் ஷிப்டும் இந்த ஊரைத் திருப்பூரோடு இறுகக் கட்டிவிட்டன. திருப்பூர் நகரம் பழைய எல்லைக்குள்ளேயே 2001இல் சுமார் 3.44 லட்சத்திலிருந்து 2011இல் 4.44 லட்சமானது, ஊராட்சிகளையும் பக்கத்து நகராட்சிகளையும் சேர்த்துக்கொண்ட மாநகராட்சியாகப் பார்த்தால் எட்டே முக்கால் லட்சம். அந்த நெரிசலுக்கு அங்கே பிறந்த விடைதான் லைன் வீடு. வாடகை தாங்காதவர்கள் சுற்றியுள்ள சிற்றூர்களுக்கு நகர்ந்தபோது அதுவும் கூடவே வந்தது.

கணக்கை முதலில் தண்ணீரில் பார்த்துவிடலாம். மத்திய அரசின் குடிநீர்ப் பொறியியல் கையேடு இந்திய நகரங்களுக்கு வைத்த அளவு, பாதாளச் சாக்கடை இல்லாத ஊரில் ஆளுக்கு நாளைக்கு 70 லிட்டர். சாக்கடை உள்ள ஊரில் 135 லிட்டர். ஐந்து பேர் உள்ள ஒரு வீட்டுக்கு முதல் கணக்கில் 350 லிட்டர் போதும். அதே மனையில் ஆறு கதவு, கதவுக்கு நாலு பேர் என்றால் லைன் வீட்டுக்கு மட்டும் 1,680 லிட்டர். தெருக்குழாயிலிருந்து உள்ளே வருவதோ பழைய அரை இஞ்சுக் குழாய்தான். குழாய் பெருக்காது, எனவே மோட்டார் வைத்து உறிஞ்சுவார்கள், தெருக்கோடி வீட்டுக்குக் காற்றுதான் வரும்.

சாக்கடையின் கணக்கு இதைவிடக் கடினம். உள்ளே போகும் தண்ணீரில் ஐந்தில் நாலு பங்கு கழிவாக வெளியே வரும் என்பது பொறியாளர்களின் வழக்கமான கைக்கணக்கு. ஐந்து பேருக்கென்று கட்டிய செப்டிக் டேங்க்கை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எடுக்க வேண்டும் என்று வைத்தால், இருபத்து நாலு பேர் பயன்படுத்தினால் ஏழரை மாதத்தில் நிறைந்துவிடும். எடுக்கும் லாரிக்கு ஒவ்வொரு முறையும் பணம். ஆகவே டேங்க்கின் மேல்வாயிலிருந்து ஒரு குழாயைத் தெருச் சாக்கடைக்குத் திருப்பிவிடுவது நடக்கிறது. அந்த நொடியில் வீட்டுக்காரரின் செலவு நகராட்சியின் செலவாகவும், கொஞ்ச நாளில் பக்கத்துப் போர்க் கிணறுகளின் செலவாகவும் மாறுகிறது. எந்த ரசீதும் கிடையாது.

இப்படிச் சொன்னதும் லைன் வீடு ஊருக்குச் சுமை என்ற முடிவுக்கு வந்துவிடக் கூடாது. அந்த ஆறு குடும்பங்களும் உடுமலை ரோட்டிலோ அலங்கியம் ரோட்டிலோ புதிதாகச் சைட் பிரித்த இடத்தில் ஆளுக்கொரு மனை வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? முப்பது அடி முகப்பு, சாலைக்கு இருபுறமும் மும்மூன்று வீடு என்று கொண்டாலே 90 அடிச் சாலை, 90 அடிக் குழாய், இரண்டு மூன்று தெருவிளக்கு, அவ்வளவு தூரத்துக்குக் குப்பை வண்டி. லைன் வீட்டுக்கு ஓர் அடிச் சாலைகூடப் புதிதாகப் போட வேண்டாம். குழாயின் நீளத்தில் அது ஊருக்கு லாபம். குழாயின் கொள்ளளவில்தான் நட்டம். நீளத்தையும் கொள்ளளவையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் இந்த விவாதம் எங்கும் தடம் புரள்கிறது என்பது என் எண்ணம்.

சட்டம் இந்தச் செலவை எப்படி மீட்கப் பார்க்கிறது? 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டத்திலேயே வளர்ச்சிக் கட்டணம் உண்டு. நிலத்தின் பயன்பாடு மாறும்போதும் கட்டடம் எழும்பும்போதும் பரப்பளவைக் கொண்டு கணக்கிட்டு ஒரே ஒருமுறை கட்டுவது. 2007இல் சட்டத்தைத் திருத்தி, உட்கட்டமைப்பு மற்றும் வசதிகள் கட்டணம் என்று இன்னொன்றைச் சேர்த்தார்கள்; அது அடுக்குமாடிகளையும் வணிக, தொழில், தகவல் தொழில்நுட்பக் கட்டடங்களையும் குறிவைத்தது. 2019இல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் சென்னை முதல் சிற்றூர் வரை ஒரே நூலாகக் கோத்தன. 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது: 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் அதற்கு மேல் ஒரு தளமும் கட்டுபவர், எல்லாக் கட்டணத்தையும் ஒன்றாக இணையத்தில் கட்டி உடனே அனுமதி பெறலாம். அலைச்சல் மிச்சம். நல்ல மாற்றம்தான்.

எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் அனுமானம் இருக்கிறது. வீடு ஒரு நாளில் வரைபடமாகி, ஒரு வருடத்தில் கட்டி முடிந்து, அப்படியே நிற்கும் என்பது. லைன் வீடு அப்படி வளர்வதில்லை. ஏலச்சீட்டு எடுத்த வருடம் இரண்டு அறை. மகளுக்குக் கல்யாணம் முடிந்து கடன் அடைந்தபின் இன்னும் இரண்டு. முன்பக்கத்து வீட்டின் மாடி பிறகு. எந்தக் கட்டத்திலும் அது 'திட்டம்' அல்ல. கட்டணம் கேட்கும் வாசலை அந்தக் கட்டடம் தாண்டிப் போவதே இல்லை.

2019 விதிகளில் இதைக் கூர்மையாகக் காட்டும் ஓர் இடம் உண்டு. மின்சாரம், குடிநீர், சாக்கடை இணைப்புக்குக் கட்டட நிறைவுச் சான்று வேண்டும் என்றார்கள்; 12 மீட்டர் உயரத்துக்குள், மூன்று குடியிருப்புக்கோ 750 சதுர மீட்டருக்கோ மிகாத வீடுகளுக்கு விலக்கு. பின்னர் அந்த எல்லையைத் தளர்த்தினார்கள். ஆனால் எண்ணிக்கை எதுவானாலும் விளைவு ஒரே மாதிரிதான்: எல்லைக்கு அடுத்த கதவு காகிதத்தில் 'ஸ்டோர் ரூம்' ஆகிவிடும். நம் விதிகளில் துணை வீடு என்று தனி இனம் கிடையாது. குடியிருப்பு என்று எண்ணப்பட்டதும் எண்ணப்படாததும்தான் உண்டு.

எண்ணப்படாததை அரசு கடைசியில் வரன்முறை என்ற பெயரில் எண்ணுகிறது. 1999 பிப்ரவரிக்கு முந்தைய விதிமீறல் கட்டடங்களுக்கு ஒன்று, 2007 ஜூலைக்கு முந்தையவற்றுக்கு ஒன்று, அனுமதியற்ற மனைப்பிரிவுகளுக்கு 2017இல் ஒன்று. மனைப்பிரிவு வரன்முறையில் வளர்ச்சிக் கட்டணம் வசூலானது, பணம் வந்தது, ஆனால் வந்தபோது வீடுகள் குடியேறி வருடக்கணக்கு ஆகியிருந்தது. கட்டி முடித்த தெருவைத் தோண்டிக் குழாய் போடுவதற்கு ஆகும் செலவு வெறும் மண்ணில் போடுவதைவிடக் கூட என்பதைக் கொத்தனாரிடம் கேட்டாலே சொல்லுவார்.

அமெரிக்காவில் நோய் வேறு மாதிரி. கலிபோர்னியாவில் 1978இல் சொத்து வரி உயர்வுக்குப் பூட்டுப் போட்ட மக்கள் வாக்கெடுப்புக்குப் பிறகு, நகரங்கள் வருமானத்துக்கு, புது வீடுகளால் ஊர் வசதிகளுக்கு ஏறும் சுமைக்காக வாங்கும் தாக்கக் கட்டணத்தை நம்பத் தொடங்கின. கொல்லையில் கட்டும் சிறு வீட்டுக்கும் முழு வீட்டின் அளவில் கட்டணம் கேட்டார்கள். கட்ட நினைத்தவர்கள் கைவிட்டார்கள். 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த மாநிலச் சட்டம் 750 சதுர அடிக்குக் குறைவான துணை வீடுகளுக்குத் தாக்கக் கட்டணமே கூடாது என்றது; அதற்கு மேல் போனால் முன்பக்கத்து வீட்டின் பரப்போடு ஒப்பிட்டு விகிதப்படி வாங்கலாம். ஓரிகானில் உள்ள போர்ட்லண்ட் நகரம் அதற்குப் பத்து ஆண்டு முன்பே, 2010இல், இந்தக் கட்டணத்தை நிறுத்திவைத்துப் பார்த்தது. கொல்லை வீடுகள் பெருகின. 2018இல் தள்ளுபடியை நிரந்தரமாக்கியபோது, பத்து ஆண்டுக்குச் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடக் கூடாது என்று நிபந்தனையும் சேர்த்தது. ஊர்ப்பணத்தில் தள்ளுபடி என்றால் ஊர்க்காரர் குடியிருக்க வேண்டும் என்ற கொடுக்கல் வாங்கல் அது. தாக்கக் கட்டணம் உண்மையான தாக்கத்துக்குப் பொருந்த வேண்டுமா என்ற வழக்கு 2024 ஏப்ரலில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. கலிபோர்னியாவின் எல்டொராடோ கவுண்டியில் ஒருவர் தன் நிலத்தில் சிறு வீடு வைக்க 23,420 டாலர் போக்குவரத்துக் கட்டணம் கேட்டதை எதிர்த்துப் போட்ட வழக்கு. சட்டமன்றம் விதித்த கட்டணம் என்பதற்காகச் சோதனையிலிருந்து தப்ப முடியாது என்றது நீதிமன்றம்.

அங்கே கட்டணம் அதிகம், அதனால் வீடு எழவில்லை. இங்கே வீடு எழுந்துவிட்டது, கட்டணம்தான் எழவில்லை. அப்படியானால் இங்கே செலவே இல்லையா? இருக்கிறது. யார் கொடுக்கிறார்கள் என்று பார்க்கத் திருப்பூரின் குடிநீர் வரலாற்றுக்குப் போக வேண்டும்.

சாயப்பட்டறைகளின் தாகத்துக்காக 1995இல் நியூ திருப்பூர் ஏரியா டெவலப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற நிறுவனம் உருவானது. பவானி ஆற்றிலிருந்து நாளைக்கு 185 மில்லியன் லிட்டர், மதிப்பீடு ஆயிரம் கோடி ரூபாய்க்குச் சற்று மேல். இந்தியாவில் குடிநீரில் தனியார் பங்கேற்ற முதல் பெருந்திட்டங்களில் ஒன்று. இரண்டாயிரத்துகளின் நடுவில் தண்ணீர் ஓடத் தொடங்கியபோது தொழிற்சாலைக்கு ஆயிரம் லிட்டர் 45 ரூபாய், வீடுகளுக்குச் சுமார் 5 ரூபாய். சாயக்காரர் கொடுக்கும் பணத்தில் குடிமக்களின் தண்ணீர் மலிவாகும் என்பது ஏற்பாடு. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் நொய்யல் ஆற்று மாசுக்காக எழுநூற்றுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் அந்த ஏற்பாட்டின் ஒரு கால் முறிந்தது. மீண்டும் திறந்தாலும், கழிவுநீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் பட்டறைக்குப் புதுத் தண்ணீர் குறைவாகவே வேண்டும். சுற்றுச்சூழலுக்கு நல்லது, தண்ணீர் விற்பவருக்கு நட்டம்.

அன்றைய இந்த விலைகளைக் குடக் கணக்கில் மாற்றிப் பாருங்கள். ஒரு குடம் 15 லிட்டர் என்றால் ஆயிரம் லிட்டருக்கு 67 குடம். வீட்டுக்காரருக்குக் குடம் ஏழரைக் காசு. சாயப்பட்டறைக்கு அறுபத்தேழரைக் காசு. குழாய் எட்டாத லைன் வீட்டுப் பெண் வண்டித் தண்ணீரைக் குடம் ஒரு ரூபாய்க்கு வாங்கினாலே ஆயிரம் லிட்டருக்கு 67 ரூபாய், அதாவது அன்றைய பட்டறை விலையைப்போல ஒன்றரை மடங்கு கொடுக்கிறார். குடிக்கிற தண்ணீருக்குக் குடம் ஐந்து ரூபாய் என்றால் 333 ரூபாய். ஏற்றுமதித் தொழிலுக்காகப் போட்ட குழாயின் நிழலில், அந்தத் தொழிலில் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருப்பவரே ஆக உயர்ந்த விலை கொடுக்கிறார். லைன் வீட்டின் உட்கட்டமைப்புச் செலவை நகரம் இப்படித்தான் கையாளுகிறது. கட்டணம் தள்ளுபடியாகவில்லை; வாடகைக்காரர் தலையில் தினசரித் தவணையாக இறங்கியிருக்கிறது.

ஒரே ஒரு துறை மட்டும் கதவுகளைச் சரியாக எண்ணி வைத்திருக்கிறது: மின்வாரியம். 2016 மே மாதத்திலிருந்து வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஆறு கதவும் ஒரே மீட்டரில் ஓடினால் நூறு யூனிட்தான் கிடைக்கும், மேலே போகப் போக விலைப்படியும் ஏறும். ஆறு மீட்டர் வைத்தால் ஆறு நூறு. ஆகவே முடிந்த வீட்டுக்காரர்கள் தனித்தனி இணைப்பு வாங்குகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் டெபாசிட், மின்சுமைக்கு ஏற்ற வளர்ச்சிக் கட்டணம் எல்லாம் கட்டித்தான். அதாவது, நகர அமைப்புச் சட்டத்தால் வாங்க முடியாத ஒரு உட்கட்டமைப்புக் கட்டணத்தை அதே வீட்டுக்காரர் மின்வாரிய அலுவலகத்தில் வரிசையில் நின்று கொடுக்கிறார். 

மானியம் வந்தால் ஆறு வீடு; வரி வந்தால் ஒரே வீடு. நம் ஊரில் கதவின் எண்ணிக்கை இப்படித்தான் ஏறி இறங்குகிறது. ரேஷன் அட்டையும் இதையே காட்டும். தனியாகச் சமைக்கும் குடும்பமா என்பதுதான் அங்கே முதல் விசாரணை, அடுப்புதான் அலகு. இதை ஏமாற்று என்று பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. எண்ணப்பட்டால் என்ன கிடைக்கும் என்று தெரியாத இடத்தில் யாரும் தன்னை எண்ணச் சொல்லி நிற்க மாட்டார்கள்.

கையில் கிடைக்கப்போவது என்ன என்று தெரிந்தால் மக்கள் முன்கூட்டியே பணம் தருவார்கள் என்பதற்கு ஆலந்தூர் சான்று. அன்று சென்னையை ஒட்டித் தனி நகராட்சியாக இருந்த அங்கே தொண்ணூறுகளின் பிற்பகுதி வரை வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க். நகராட்சித் தலைவராக இருந்த ஆர்.எஸ்.பாரதி பாதாளச் சாக்கடைத் திட்டத்தை முன்வைத்தபோது, வீட்டுக்கு 5,000 ரூபாய், வணிக நிறுவனங்களுக்கு 10,000 ரூபாய் டெபாசிட் என்று முடிவாயிற்று. குழி தோண்டும் முன்பே பணம். அன்றைக்கு அது சிறு தொகையல்ல. தெருத்தெருவாகக் குடியிருப்போர் சங்கங்களிடம் கூட்டம் போட்டுக் கணக்குச் சொன்னார்கள். டேங்க் எடுக்க ஆகும் செலவையும் டெபாசிட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் விவாதம் சுருங்கிவிடும். மீதிக்குத் தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியத்தின் கடன் வந்தது. சாக்கடையும் வந்தது.

ஆலந்தூரில் பணம் கொடுத்தவர்கள் பெரும்பாலும் தாங்கள் குடியிருக்கும் வீட்டுக்கே கொடுத்தார்கள். லைன் வீட்டில் கொடுப்பவர் ஒருவர், தண்ணீர் பிடிப்பவர் வேறொருவர். இதுதான் முடிச்சு. ஆகவே தாராபுரம் போன்ற ஊரில் கட்டும்போது வாங்கும் கட்டணத்தை உயர்த்துவதோ கடுமையாக்குவதோ வீண் வேலை என்றே நினைக்கிறேன். அது இன்னும் இரண்டு ஸ்டோர் ரூம்களை உண்டாக்கும். வாங்க வேண்டிய இடம் இணைப்பு. செங்கல்லுக்கு அல்ல, குழாய்க்கு. கதவுக்கு ஒரு குழாய், குழாய்க்கு ஒரு சிறு டெபாசிட், மாதக் கட்டணம். செப்டிக் டேங்க் எடுப்பதையும் வீட்டுக்காரர் கூப்பிடும்போது அல்லாமல் ஆள் எண்ணிக்கைப்படி முறை வைத்து நகராட்சியே செய்து, அந்தச் செலவை அதே கட்டணத்தில் பரப்பிவிடலாம். கழிவு லாரிகளை உரிமம் கொடுத்து ஒழுங்குபடுத்தும் விதிகள் மாநிலத்தில் ஏற்கெனவே இருக்கின்றன.

வீட்டுக்காரர் டெபாசிட்டை வாடகையில் ஏற்றிவிடுவார் என்பது முதல் ஆட்சேபம். ஏற்றட்டும். கதவுக்கு 5,000 என்றே வைத்து இரண்டு ஆண்டில் மீட்டாலும் மாதம் 208 ரூபாய். நாளைக்கு இரண்டு குடம் நல்ல தண்ணீரை ஐந்து ஐந்து ரூபாய்க்கு வாங்கும் குடும்பம் இப்போதே மாதம் 300 கொடுக்கிறது, குளிக்கத் துவைக்கத் தனி. 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் அடிப்படை வசதிகளைத் துண்டிக்கக் கூடாது என்கிறது. ஆனால் ஒப்பந்தத்தைப் பதிவு செய்தவருக்குத்தான் அது வாய் திறக்கும், லைன் வீட்டில் பதிவு என்பது அபூர்வம். கதவின் பெயரில் ஒரு குடிநீர் ரசீது இருந்தால் அது கையில் ஒரு காகிதமாவது ஆகும்.

இரண்டாவது ஆட்சேபம் வீட்டுக்காரருடையது, அதுதான் வலுவானது: ஆறு குழாய் வாங்கினால் பின்னாலேயே ஆறு வீட்டு வரி வரும். 2022 ஏப்ரலில் சொத்து வரியை உயர்த்தியபோது நகராட்சிகளில் 600 சதுர அடிக்குள் 25 விழுக்காடு, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 என்று படி வைத்தார்கள். 250 சதுர அடியில் ஆறு அறை. மொத்தமாக ஒரே கட்டடம் என்று மதிப்பிட்டால் 1,500 சதுர அடி, உயர்வு 75 விழுக்காடு. ஆறு தனி வீடாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் 25 விழுக்காட்டுப் படியில் விழும். ஆனால் இதுவரை வரிக் கணக்கிலேயே ஏறாத அறைகளை வைத்திருப்பவருக்கு 25ம் ஒன்றுதான், 75ம் ஒன்றுதான். அவர் இப்போது கட்டுவது முன்பக்கத்து வீட்டுக்கு மட்டும்.